டவர் லதா

ஹாரனை இரண்டு முறை அழுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளை அணைக்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார் புஷ்பலதா. மோட்டாரின் முன்பக்கம் சந்தைக்குக் கொண்டுபோகும் சிவப்புப் பிளாஸ்டிக் பாசார் கூடை. கூடைக்குள் மடித்துப் போட்ட குளியல் துண்டு. லயத்து வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒருத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். ஒருவர் சட்டையில்லாமல் கைலியோடு வருகிறார். வருகிற எல்லாரும் தங்கள் கைப்பேசியைத் துண்டின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

"லதா, இன்னைக்கு என் மவ போன் அடிப்பா. வெள்ளிக்கிழம வரச் சொல்லு."

"வெறுங்கையோட வரச் சொல்லவா, எதுனா வாங்கியாரச் சொல்லவா?"

"அவ வந்தா போதும்லா."

"அப்ப ரொட்டின்னு சொல்லிர்றேன்."

கடைசியாக வருகிறவர் எப்போதும் இராமசாமி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வாயிலிருந்து இன்னும் பெறவில்லை. கைப்பேசியைக் கூடையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"என்னா டவரு, கெளம்பியாச்சா?"

"வைங்கண்ணே. ஒங்களுக்கு யாரு அடிக்கப் போறா?"

"ஒனக்குப் பரிசு உழுந்துருக்குன்னு ஒரு திருட்டுப் பய தெனமும் அடிக்கிறான்லா. அவன் ஒருத்தன்தான் என்னை மறக்காம இருக்கான். அவன் மனசு நோகக் கூடாது."

டவர் லதா. பிரேடன் தோட்டத்தில் அதுதான் அவர் பெயர். தோட்டத்துக்கு வரவேண்டிய கைப்பேசிக் கோபுரம் வராததால், கோபுரத்தின் வேலையை ஒரு பெண் மோட்டாரில் செய்துகொண்டிருக்கிறார். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வருகிறது. தோட்டத்துக்காரர்களோ முதலில் சிரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறார்கள்.

பிரேடன் தோட்டம் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து மலைப்பக்கமாக உள்ளே போக வேண்டிய இடம். முன்பு ரப்பர் பால்மரக் காடு. மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். கம்பெனி கைமாறியது, பிறகு இன்னொரு முறை கைமாறியது. பெரும்பாலோர் ஈப்போ பக்கம் போய்விட்டார்கள். ஒரே ஒரு லயத்து வரிசை மிஞ்சியிருக்கிறது. அது மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில், கிண்ணத்தின் அடியில் ஒட்டிய சோறுபோல இருக்கிறது. வானொலி கேட்கும். மழை கேட்கும். மலைக்கு அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் லோரிகள் ஏற்றம் ஏறும் முனகல்கூடக் கேட்கும். கைப்பேசி மட்டும் செத்துக் கிடக்கும்.

லதாவுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. மெலிந்த உடம்பு, அதற்குச் சற்றும் பொருந்தாத அகன்ற தோள். காலையில் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். மதியம் வீட்டுக்கு வந்து குளித்து, மகன் தீபன் போட்டுக் கழித்த பந்தாட்டச் சட்டையை மாட்டிக்கொள்கிறார். முதுகில் யாரோ ஒரு வீரரின் பெயர் பாதி உரிந்து கிடக்கிறது. அது யார் என்று கேட்டேன். "யாரோ வெள்ளக்காரன். அவனுக்கு எம்மேல பாரம் இல்ல, எனக்கு அவன்மேல பாரம் இல்ல," என்றார். காலில் ரப்பர் பூட்ஸ். ஹெல்மெட் கண்ணாடியின் வெடிப்பில் ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது.

கூடை நிறைந்ததும் செம்மண் பாதையில் ஏறுகிறார். மழைநீர் அறுத்துவிட்ட பாதை. வலது கை மோட்டாரைப் பார்த்துக்கொள்ள, இடது கை கூடையின் மேல் கவிந்திருக்கிறது. முன்னால் உட்கார வைத்த பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள். முனியாண்டி கோயிலைத் தாண்டியதும் பாதை வளைகிறது. அந்த இடத்தில் மட்டும் மலை கொஞ்சம் விலகி, தூரத்தில் நெடுஞ்சாலைப் பக்கத்துக் கோபுரத்தின் தலையைக் காட்டுகிறது. தோட்டத்தார் அதை மொடக்கு என்கிறார்கள். பிரேடன் தோட்டத்துக்கும் உலகத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு வளைவுதான்.

மோட்டாரை நிறுத்திக் கூடையைக் கோயில் கட்டைச்சுவரில் வைக்கிறார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கைப்பேசி நடுங்கும். அடுத்தது கீச்சென்னும். அப்புறம் எல்லாமே ஒன்றாகத் தொடங்கிவிடும். "கோழிக்குத் தீனி போட்ட மாதிரி இருக்கும் பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு," என்று என்னிடம் சொன்னார்.

அவருக்குச் சில சட்டங்கள் உண்டு. வந்த செய்தியைத் திறந்து படிக்க மாட்டார். அழைப்பு வந்தால் மட்டும் எடுப்பார். கறுப்புக் கைப்பேசிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றில் ரப்பர் வளையம், ஒன்றில் குழந்தையின் ஹேர் கிளிப், ஒன்றில் முருகன் ஸ்டிக்கர். எது ஒலித்தாலும் கை தவறாமல் அதன்மேல் போகும்.

"அம்மா அடுப்பாண்ட இருக்காங்க. நான் டவரு பேசுறேன், சொல்லு... சாப்பிட்டியா நீ?... ஏன் சாப்பிடல?... அத நான் அம்மாட்ட சொல்ல மாட்டேன், நீ சாப்பிட்டுட்டேன்னு சொல்லிர்றேன். ஆனா சாப்பிடணும்."

அழுகிறவர்களிடம் குரலைத் தாழ்த்துகிறார். கத்துகிறவர்களிடம் கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முடிந்ததும், "சரி, கத்துனாங்கன்னு சொல்லிர்றேன்," என்கிறார். இருட்டு கட்டுவதற்குள் கீழே இறங்கி, ஹாரனை மறுபடி இரண்டு முறை அழுத்தி, கைப்பேசியோடு வாய்ச் செய்திகளையும் வீடு வீடாக ஒப்படைக்கிறார்.

இன்று இந்த நாட்டில் எதற்கும் கைப்பேசி வேண்டும். மருத்துவமனையில் முன்பதிவு, பள்ளி ஆசிரியரின் அறிவிப்பு, அரசாங்க உதவித் திட்டம், எல்லாம் அதற்குள். பக்கத்து வீட்டுக் கலாதேவி தன் மகளின் பள்ளி உதவிக்குப் பதிந்துகொள்ளப் போனாள். கைப்பேசிக்கு ஒரு ரகசிய எண் வரும், உடனே அதைத் தட்ட வேண்டும் என்றது அரசாங்க இணையத் தளம். தளம் திறந்தது பட்டணத்துக் கடை ஒன்றின் கணினியில். எண் வந்ததோ, எப்போதும் செத்துத்தானே கிடக்கிறது என்று வீட்டில் விட்டுவந்த கைப்பேசிக்கு. அதுவும் சாயங்காலம் லதாவின் கூடை மொடக்குக்குப் போன பிறகு, செத்த எண்ணாக. கடைசியில் கலாதேவி கைக்குழந்தையோடும் குடையோடும் முனியாண்டி கோயில் கட்டையில் உட்கார்ந்து, மழைக்கு நடுவில் அதை முடித்தாள். ஒரு குடிமகள் தன் அரசாங்கத்தோடு பேச முனியாண்டியின் காலடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. நான் ஈப்போவில் என் அறையில் படுத்துக்கொண்டே அதைப் பார்த்தேன். தொடர்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறம். பிரேடன் தோட்டமும் ஊதாதான். மலை ஊதா, பள்ளம் ஊதா, ஆறுகூட ஊதா. கோபுரமும் பொய்யில்லை, இருக்கிறது. ஆனால் அதன் முகம் நெடுஞ்சாலையைப் பார்த்திருக்கிறது. வேகமாக ஓடுகிற காருக்குள் பாட்டு நின்றுவிடக் கூடாது அல்லவா? மலைக்கு இந்தப் பக்கம் மூச்சு நின்றால் அதற்கு ஒரு நிறம் அந்த வரைபடத்தில் இல்லை.

லதாவின் கணவர் ஜெயபாலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். லயத்தில் இருந்த கார்கள் எல்லாம் அன்று ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. லோரிச் சாவி கம்பெனி அலுவலகத்தில். மோட்டாரில் உட்கார வைக்கவும் முடியவில்லை, ஆள் சரிந்து விழுகிறார். லதா கைப்பேசியை எடுத்துக்கொண்டு மொடக்குக்கு ஓட்டினார்.

அவசர எண் கிடைத்தது. ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது என்றார்கள். ஆனால் தோட்டத்துக்கு இரண்டு வழி. ஒன்றில் கம்பெனி சங்கிலி போட்ட கேட். இன்னொன்று செம்பனைக் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து போகும், பெயர்ப் பலகை கிடையாது. ஓட்டுநர் வழி கேட்டு அழைப்பார், தொடர்பு கிடைக்கும் இடத்திலேயே நில்லுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். வேறு என்ன சொல்ல முடியும்?

லதா நின்றார்.

இதை அவர் என்னிடம் சொன்னது உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது. குனிந்த தலை நிமிரவில்லை. "நவுந்தா லைன் போயிரும். நின்னா அவரு போயிருவாரு. நான் என்னா செய்ய? நின்னேன். போனையே பாத்துக்கிட்டு நின்னேன். ஒருதடவ அடிச்சிச்சி, பதறி எடுத்தா, கல்யாணத்துக்குப் போனவங்க. 'பொண்ணு எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா'ன்னு சொல்றாங்க. நான் வச்சிட்டேன். டிரைவரு அந்த நேரம் பாத்து அடிச்சிருந்தா?"

ஓட்டுநர் அழைத்தார். லதா வழி சொன்னார். ஆம்புலன்ஸ் மொடக்குக்கு வந்ததும் அதற்கு முன்னால் மோட்டாரை விட்டுக்கொண்டு இறங்கினார். "வந்தவங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பையன் குதிச்சி ஓடுனான்." அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. ஜெயபாலனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இராமசாமி. "லதா எங்க, லதா எங்கன்னு கேட்டாராம். மேல லைன் புடிக்கப் போயிருக்குன்னு அண்ணன் சொன்னாராம். அதான் அவரு கடைசியா கேட்ட சேதி."

சாக்கில் ஒரு கைப்பிடிப் பழத்தைப் போட்டுவிட்டுச் சொன்னார். "லைன் இருக்கிற எடத்துல நின்னேன். அவரு இருக்கிற எடத்துல நிக்கல. அவ்ளோதான்லா."

கூடை அதற்குப் பிறகு வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப் போன மறுநாள் சாயங்காலம், யாரும் கேட்காமல் பாசார் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவருக்கென்று தனியாகக் கைப்பேசி கிடையாது. ஜெயபாலனுடையதைத்தான் வைத்திருக்கிறார். அதுவும் மற்றவற்றோடு கூடையில் கிடக்கிறது. தீபன் அதில் அழைப்பான். ஈப்போவில் அடுக்குமாடி வீடு. அம்மா வந்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி. ஒரு நாள் நான் மொடக்கில் இருக்கும்போதே அழைத்தான். காற்று இரைச்சலுக்காக ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினார்கள்.

"மா, வந்துரும்மா. இங்க கட்டல்ல படுத்துக்கிட்டே பேசலாம்."

"நான் வந்துட்டா கூடைய யாருடா தூக்குவா?"

"கூடையத் தூக்குறது ஒன் வேலையாம்மா?"

"இல்லடா. யாரோட வேலன்னு கேட்டுச் சொல்லு. அவங்க கையில குடுத்துட்டு மறுநா வாரேன்."

அவன் பேச்சைச் சாப்பாட்டுக்கு மாற்றினான். அது யாருடைய வேலை என்று எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாததுபோல இருக்கிறார்கள்.

லயத்துக்குள் லைன் வர வேண்டும். மலைமேல் சின்னதாக ஒரு கோபுரம் வைத்தால் போதும். லதா கேட்பது அது ஒன்றுதான். வந்துவிட்டால் கூடையைக் கவிழ்த்துவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விடுவார். தீபன் அம்மாவுக்காக ஒரு புகார் கொடுத்தான். நீண்ட நாள் கழித்து, பரிசோதிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று பதில் வந்தது. அங்கேதான் தோட்டம் ஒரு தப்புச் செய்தது.

பிரேடன் தோட்டத்துக்கு யார் வந்தாலும், கட்சிக்காரரோ கொசுமருந்து அடிக்க வருகிறவரோ, கூடாரமும் நாற்காலியும் போட்டு வயிற்றுக்கு ஏதாவது கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். இது பெரிய விஷயம், டவர் விஷயம். கூடாரத்தை எங்கே போடுவது என்று பேச்சு வந்தபோது லதாதான் முடிவு சொன்னார். "பெரிய ஆளுங்க. ஆபீஸ்லேர்ந்து போன் வந்துக்கிட்டே இருக்கும். கீழ கொண்டாந்து ஒக்கார வச்சா அவங்களுக்குச் சுசாலா. மொடக்குல போட்டுருவோம்."

வருகிறவர்களுக்குச் சிரமமாக இருக்கக் கூடாதாம். பிறந்ததிலிருந்து சிரமத்தைத் தவிர வேறெதுவும் காணாதவர்கள், வருகிறவர்களின் கைப்பேசிக்குச் சிரமம் வரக் கூடாது என்று பார்த்தார்கள். மொடக்கில் கூடாரம் எழுந்தது. லதா விடியலிலேயே எழுந்து ஒரு பெரிய தட்டு நிறைய, கிழங்கு வைத்து மடித்த கறிபாப் பொரித்தார். சிவப்புச் சிராப் தண்ணீர் கலக்கி ஐஸ் போட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், நிழலில் உட்கார்ந்தார்கள், ஒரு கையில் கறிபாப்பும் ஒரு கையில் கருவியுமாக அங்கேயே பரிசோதித்தார்கள்.

"லைன் சாந்தேக்லா சினி, காக்," என்றார் அவர்களில் மூத்தவர். இங்கே லைன் அழகாக இருக்கிறதே அக்கா என்கிறார். லதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வீட்டைப் பாராட்டியதுபோல நன்றி சொல்லி, இன்னொரு கறிபாப் எடுத்து வைத்தார். கீழே வந்து பாருங்கள் என்று கலாதேவி அழைத்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. மற்றதையெல்லாம் குறித்துக்கொண்டோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

பதில் மொடக்கில்தான் வந்து விழுந்தது. 'சம்பந்தப்பட்ட இடத்தில் தொடர்பு மனநிறைவளிக்கும் வகையில் உள்ளது. புகார் முடிக்கப்பட்டது.'

"நம்ம டவர கறிபாப்போட சேத்துத் தின்னுட்டுப் போயிட்டானுங்க லதா," என்றார் இராமசாமி. எல்லாரும் சிரித்தார்கள். லதா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டில் கறிபாப் கிடையாது. தீபாவளிக்கும் கிடையாது. "எண்ணெயப் பாத்தாலே எரிச்சலா வருது," என்று மட்டும் சொன்னார்.

அந்த எரிச்சல் மூண்டிருந்த சமயத்தில்தான் நான் அங்கே போனேன். என் அம்மா பிறந்து வளர்ந்தது பிரேடன் தோட்டத்தில், லதாவின் அடுத்த வீட்டில். அதனால் எனக்கு அவர் அத்தை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படித்து முடித்துவிட்டு அந்தப் படிப்பால் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறவளும் நான்தான். லதா என்னை உட்காரக்கூட விடவில்லை.

"நீ படிச்சவதான பாப்பா? அவங்களுக்குப் புரியிற பாஷையில எழுது. கீழ வந்து பாருங்கன்னு எழுது."

எழுதினேன். நல்ல மலாயில், பணிவாக, எண்கள் இட்டு எழுதினேன். அனுப்புவதற்குமுன் வாசித்துப் பார்த்தபோது, அதில் ஜெயபாலன் இல்லை. 'மக்களின் பாதுகாப்பு' என்று இருந்தது, 'அவசர நேரங்களில் சிரமம்' என்று இருந்தது. என் படிப்பு எனக்குக் கொடுத்தது இதுதானா, ஒரு மனிதரைத் துடைத்துவிட்டு எழுதும் பணிவு? அழித்துவிட்டு, ஒருவர் தன் மனைவி எங்கே என்று கேட்டுக்கொண்டே இறந்தார், மனைவி லைன் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று எழுதி அனுப்பினேன். இது ஒன்றும் வீரமில்லை. ஈப்போவில் வீடியோ நடுவில் நின்றால் திட்டுகிறவள் நான். என் கோபத்துக்கு அங்கே என்ன விலை என்று தெரியாமல்தான் எழுதினேன். மறுபரிசோதனைக்கு வருகிறோம் என்று பதில் வந்தது.

அது போன வாரம். இந்த முறை கூடாரம் கீழே, ஜெயபாலன் உட்கார்ந்து சரிந்த வாசலுக்கு நேராக. நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்கள். லதா பழையபடி வாணலியை ஏற்றினார்.

"லதா, இந்தத் தடவ தின்ன வுட்டுட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லாத," என்றார் இராமசாமி. "டெஸ்ட் பண்ண வுட்டுட்டுத் தின்னக் குடு."

"அண்ணே, ஒங்களுக்கும் அதே சட்டம்தான். கையெடுங்க தட்டுலேர்ந்து."

சொன்ன நேரம் கடந்தது. கறிபாப் ஆறியது. ஐஸ் கரைந்து சிராப் தண்ணீர் வெளுத்தது. எங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியதுதானே? எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லதா தட்டின்மேல் ஒரு மூடியைக் கவிழ்த்தார். கூடையை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனார். சாயங்காலம் ஆகவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. ஆனாலும் ஆளுக்கு ஆள் எடுத்துப் போட்டார்கள். "ஏறு பாப்பா," என்றார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மொடக்கில், கோயில் நிழலில், ஒரு பெரிய நான்கு சக்கர வண்டி நின்றுகொண்டிருந்தது. மூத்த அதிகாரி தள்ளி நின்று யாருடனோ கைப்பேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மடிக்கணினியை வண்டியின் முன்மூடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்த இளைஞரின் அடையாள அட்டையில் ஹரிஷாந் என்று இருந்தது. ஈப்போ யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் பிள்ளை என்பது பிறகு பேச்சில் தெரிந்தது. லதாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"வணக்கம் ஆண்ட்டி. கிட்டத்தட்ட முடிஞ்சிது. இங்க நல்லாத்தானே இருக்கு?"

"இங்க நல்லாத்தான் இருக்கும் தம்பி. இங்க நாங்க குடியில்ல. முனியாண்டி மட்டும்தான் குடியிருக்காரு. அவருக்குப் போன் வேணாம்."

ஹரிஷாந் சிரித்தார். நல்ல சிரிப்பு. பிறகு மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் பச்சைக் காடு, செம்மண் கோடு, அதன் வளைவில் ஒரு நீலப் புள்ளி.

"எனக்குக் குடுத்த பாய்ண்ட் இதுதான் ஆண்ட்டி. போன தடவ டெஸ்ட் பண்ண அதே எடத்துலதான் மறுபடி பண்ணணும். சிஸ்டத்துல பிரேடன் தோட்டம்னா இந்த எடம்தான்."

அந்த நீலப் புள்ளி தோட்டத்தார் முதல் முறை கூடாரம் போட்ட இடம். வந்தவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று நிழல் விரித்த இடம், தோட்டத்தின் முகவரியாகிவிட்டிருந்தது. லயம் அந்தத் திரையில் இல்லை. கலாதேவியின் குழந்தை இல்லை, இராமசாமி இல்லை, வாசலில் போட்ட நாற்காலிகள் இல்லை. மலாயிலோ ஆங்கிலத்திலோ ஏதோ கத்த வாயெடுத்தேன். லதா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"கீழ வாங்க தம்பி. ஒரு எட்டுத்தான். ஒங்களுக்காகப் பலகாரம் வச்சிருக்கேன்."

ஹரிஷாந் பாதையின் இறக்கத்தைப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"வரலாம் ஆண்ட்டி. ஆனா ரிப்போர்ட்ட இந்த ஆப்ல உடனே அனுப்பணும். கீழ எறங்கினா எனக்கு லைன் இருக்காது."

சொன்னது தன் காதிலேயே விழ, மடிக்கணினியைப் பாதி மூடினார். மூத்த அதிகாரி இன்னும் கைப்பேசியில் சிரித்துக்கொண்டிருந்தார்.

லதா திரும்பி மோட்டாருக்குப் போனார். கூடையைக் கொக்கியிலிருந்து கழற்றினார். மொடக்குக்கு வந்துவிட்டதால் உள்ளே கைப்பேசிகள் நடுங்கவும் கீச்சிடவும் தொடங்கியிருந்தன. அவர் எதையும் எடுக்கவில்லை. ரப்பர் வளையம் போட்டதை ஓரமாக நகர்த்தினார், முருகன் ஸ்டிக்கரை இன்னொரு பக்கம் ஒதுக்கினார், ஜெயபாலனின் கைப்பேசியைக் கூடையின் விளிம்போடு சாய்த்து வைத்தார். நடுவில் துண்டின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி, ஒரு கைப்பேசி படுக்கும் அளவுக்கு இடம் செய்துவிட்டு, கூடையை இரண்டு கையாலும் ஏந்தி ஹரிஷாந்தின் முன்னால் நீட்டினார்.